சூடானால் ஸ்டார்ட் ஆக மறுக்கும் 1977 எம்ஜிபி: ஸ்டார்ட்டர் மின்சுற்றில் கோளாறு எங்கே?

ஹாரோ கண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) கோடை தொடங்கியதிலிருந்து ஒரு தொல்லை இருந்துவருகிறது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது. ஆனால் அரை மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் போடவோ கடைக்குச் செல்லவோ நிறுத்திவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’ ஒலி மட்டும் கேட்கிறது. என்ஜின் அசைவதே இல்லை. திரும்பத் திரும்ப முயன்றால் சில வேளைகளில் சுற்றுகிறது, சில வேளைகளில் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பேட்டரி புதியது. அருகிலுள்ள பணிமனை ஒன்றில் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, புதுப்பிக்கப்பட்ட லூகாஸ் 2எம்100 ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். சில வாரங்கள் ஒழுங்காக இருந்தது. பிறகு பழையபடியே ஆகிவிட்டது. இப்போது இக்னிஷன் சுவிட்சை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். அது ஸ்டியரிங் பூட்டோடு இணைந்த வேலை என்பதால், அதற்குமுன் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. அதில் தொடர்ச்சி சோதித்தபோது எல்லாக் கம்பிகளுக்கும் பீப் ஒலி வருகிறது.

மிசிசாகா ரவி

இது வெப்பத்தால் வரும் கோளாறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என்னுடைய 1984 கார்வெட்டில் இதே அறிகுறிகள்தாம் இருந்தன: காலையில் சரியாகக் கிளம்பும், ஓடி நின்றபின் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும். எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டார்ட்டரை ஒட்டியே செல்வதால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டு வெந்துபோகிறது. வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றைப் போட்டு, ஃபோர்டு வகைத் தனிச் சொலினாய்டு ஒன்றை ஃபெண்டரின் உட்பக்கத்தில் பொருத்தினேன். அதன்பிறகு தொல்லை இல்லை. உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

பாடி எலக்ட்ரீஷியன்

தம்பி கண்ணன், அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் சென்னை பாடியில், லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலைக்கு அருகில், நெடுங்காலம் செல்ஃப் மோட்டாரும் (அதாவது ஸ்டார்ட்டரும்) டைனமோவும் பழுதுபார்த்தவன். எம்ஜிபியை நான் அதிகம் தொட்டதில்லை. ஆனால் அம்பாசிடரில் நாங்கள் பார்த்த 1489 சிசி என்ஜினும் உங்கள் 1798 சிசி என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம்தான். லூகாஸ் மின்சுற்றின் போக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரவி சொல்வது அவருடைய வண்டிக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது. பி-சீரிஸ் என்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில் இருக்கின்றன. செல்ஃப் மோட்டாரோ வலப்பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. இடையில் என்ஜின் பிளாக் முழுவதும் நிற்கிறது. அதனால் தகடு போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நூலிழையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுற்றை வெப்பம் கடைசியாகத் தள்ளிவிடலாம். அந்தச் சுற்று ஏன் நூலிழைக்கு வந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

முதலில் மீட்டரே இல்லாமல் ஒரு சோதனை. அடுத்த முறை வண்டி மறுக்கும்போது ஹெட்லைட்டை எரியவிட்டு, சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியில் பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த கம்பி சொலினாய்டின் பெரிய போல்ட்டில் வந்து சேர்கிறது. வண்டியின் மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் அந்தப் போல்ட்டிலிருந்துதான் பழுப்புக் கம்பிகள் வழியே பிரிகிறது. ஆகவே வெளிச்சம் அடியோடு மங்கினால் கோளாறு பேட்டரியிலோ, அதன் கிளாம்பிலோ, அந்தத் தடித்த கம்பியிலோ, பேட்டரியை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த்திலோ இருக்க வேண்டும். அல்லது மோட்டார் இறுகிப்போய் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் அப்படியே நின்றால் கோளாறு அந்தப் போல்ட்டுக்கு அப்பால் இருக்கிறது.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். சாவியைத் திருப்புகிறவர் இருக்கையில் இருந்தபடி இதைச் சொல்ல முடியாது. வேறொருவர் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

கோவை நித்யா

பாடி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கண்ணன் அவர்களே, உங்கள் மீட்டரின் பீப் ஒலியை இந்தச் சுற்றில் நம்ப வேண்டாம். தொடர்ச்சி சோதனைக்கு மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். முப்பது, நாற்பது ஓம் தடை இருந்தால்கூடப் பெரும்பாலான மீட்டர்கள் பீப் ஒலி எழுப்பிவிடும். உங்கள் ஸ்டார்ட்டரோ என்ஜினைச் சுற்றும்போது 150 முதல் 200 ஆம்பியர் இழுக்கிறது. ஓர் இணைப்பில் 0.01 ஓம் மட்டும் கூடுதல் தடை இருந்தால் 200 ஆம்பியரில் அங்கேயே 2 வோல்ட் போய்விடும். அந்த 0.01 ஓமை உங்கள் மீட்டரால் அளக்கவே முடியாது. அதன் இரு முனைக் கம்பிகளின் தடையே அதைவிடப் பல மடங்கு அதிகம்.

எனவே தடையை அளக்காமல், சுமை ஓடும்போது ஒவ்வோர் இணைப்பிலும் இழக்கப்படும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு வரும் நேர்முனைக் கம்பியைக் கழற்றி, முனையை டேப்பால் நன்றாகச் சுற்றிவிட்டால் என்ஜின் கிளம்பாமல் சுற்ற மட்டும் செய்யும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையும் வையுங்கள். மீட்டரை நேர்மின்னழுத்த (டிசி வோல்ட்) அளவில் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடிகளுக்கு மேல் சுற்றாமல், இடையில் ஆறவிடுங்கள்.

பேட்டரியின் இரண்டு ஈயமுனைகளுக்கிடையே என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்; என்ஜின் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அடுத்து, பேட்டரியின் நேர் ஈயமுனையிலிருந்து சொலினாய்டின் பெரிய போல்ட்வரை அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கிடையே 0.2 வோல்ட்டுக்குமேல் வந்தால் உள்ளிருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கடைசியாக, பெரும்பாலோர் அளக்க மறக்கும் பகுதி: ஸ்டார்ட்டரின் உடலிலிருந்து பேட்டரியின் எதிர் ஈயமுனைவரை. இதில் 0.3 வோல்ட்டுக்குமேல் இருந்தால் எர்த்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் முனையைக் கிளாம்பில் வைக்காமல் ஈயமுனையிலேயே வையுங்கள். கிளாம்புக்கும் ஈயத்துக்கும் இடையிலுள்ள கோளாறு இல்லையென்றால் கணக்கிலேயே வராது.

பர்மிங்காம் சிவா

கண்ணன், என்னிடமும் உங்களுடையதைப் போன்ற ஒரு ரப்பர் பம்பர் எம்ஜிபி நிற்கிறது. நித்யா சொன்ன எர்த் பக்கத்தை முதலில் பாருங்கள் என்பதே என் கருத்து. இந்தக் காரில் பற்றரி இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் பொடியின் (காரின் உடலின்) தகடே எர்த் பாதையாகிறது. என்ஜினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே அவற்றையும் பொடியையும் இணைக்கும் பின்னிய செம்புப் பட்டி ஒன்றுதான் ஸ்ராட்டரின் மின்னோட்டம் முழுவதும் திரும்பும் வழி. அது கெட்டுப்போனால் மின்சாரம் சோக் கேபிளையும் அக்சிலரேற்றர் கேபிளையும் வழியாக்கிக்கொள்ளும். சாவியைத் திருப்பும் வேளையில் சோக் கேபிளின் உறை சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தாலே சில கார்களில் விடை தெரிந்துவிடும்.

பாடி ஐயா சொன்ன ஹெட்லைற் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹெட்லைற்றின் எர்த் பொடியில் இருக்கிறது, என்ஜினில் இல்லை. ஆகையால் இந்தப் பட்டி கெட்டிருந்தாலும் வெளிச்சம் மங்காது. வெளிச்சம் நன்றாக நிற்கிறது என்பதற்காகச் சொலினொயிட்டையே குற்றவாளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இன்னொரு கேள்வி. பற்றரியின் எதிர்முனையில் பச்சைக் குமிழ் வைத்த பித்தளைத் துண்டிப்பான் போட்டிருக்கிறீர்களா? குளிர்காலத்தில் காரை நிறுத்திவைக்கும் பலர் இங்கே அதைப் பூட்டுகிறார்கள். மலிவானவற்றில் அந்தக் குமிழின் திருகு இறுக்கம் இழந்தால் அதிலேயே கணிசமான மின்னழுத்தம் போய்விடும்.

ஹாரோ கண்ணன்

அனைவருக்கும் நன்றி. பச்சைக் குமிழ் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் போட்டது. இன்று காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது மனைவியைச் சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தேன். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட். சுற்றும்போது ஈயமுனைகளில் 10.6. நேர் ஈயமுனையிலிருந்து சொலினாய்டு போல்ட்வரை 0.35. சொலினாய்டின் இரு போல்ட்டுகளுக்கிடையே 0.1. ஸ்டார்ட்டர் உடலிலிருந்து எதிர் ஈயமுனைவரை 0.9.

அந்த 0.9ஐப் பிரித்துப் பார்த்தேன். ஈயத்துக்கும் கிளாம்புக்கும் இடையே 0.02, பச்சைக் குமிழின் குறுக்கே 0.18, அங்கிருந்து பாடித் தகடுவரை 0.05, பாடித் தகட்டிலிருந்து என்ஜின் பிளாக்வரை 0.65.

ஹெட்லைட் சோதனையை நேற்று மாலை சூடாக இருந்தபோது செய்தேன். வண்டி மறுத்தது, வெளிச்சம் ஏறக்குறைய மாறவே இல்லை.

பாடி எலக்ட்ரீஷியன்

நல்ல வேலை, தம்பி. கூட்டிப் பாருங்கள்: 10.6இலிருந்து 0.35, 0.1, 0.9 போனால் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது 9.25 வோல்ட்தான். நேர்ப்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழுதில் பெரும் பங்கு அந்தச் செம்புப் பட்டியில் இருக்கிறது. அதைக் கழற்றி, பட்டியின் கண்களையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சென்று தெரிந்தபின் நட்சத்திர வாஷர் வைத்து இறுக்குங்கள். அதன்மேல் வாசலின் தடவுங்கள். பட்டியின் இழைகள் பச்சை பிடித்திருந்தால் தேய்ப்பதில் நேரம் செலவழிக்காமல் புதியதைப் போடுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் 0.65 வோல்ட் இழக்கும் பட்டி, மாலையில் மோட்டாரை அறவே அசையவிடாமல் செய்யும் என்று எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. சுற்றும் வேகம் குறையும், ஆனால் சுற்றும். பட்டியைச் சரிசெய்யுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். அதோடு கதை முடிந்தது என்று காயில் கம்பியை நிரந்தரமாக மாட்டிவிட வேண்டாம்.

லெஸ்டர் மாறன்

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1972ஆம் ஆண்டு குரோம் பம்பர் வண்டி. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உள்ளன. மேலே சொன்ன முறையில் நான் எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும்?

பர்மிங்காம் சிவா

மாறன், முறை அதேதான். ஒரு பற்றரியின் நேர்முனையையும் மற்றதன் எதிர்முனையையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி ஒன்று காரின் அகலத்துக்குக் குறுக்கே போகிறது அல்லவா, அதன் இரு பக்கத்து ஈயங்களுக்கிடையே தனியாக ஓர் அளவு எடுங்கள். இரண்டு பற்றரிகளையும் சுற்றும்போது தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள், ஒன்று 5.2 வோல்ற்றும் மற்றது 4 வோல்ற்றும் காட்டினால் கம்பிகளைத் தேட வேண்டிய தேவை இல்லை.

ஹாரோ கண்ணன்

பட்டியைக் கழற்றினேன். ஒரு கண்ணுக்கு அடியில் முந்தைய வண்ணப்பூச்சு அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைகள் வழியாகத்தான் இத்தனை காலம் மின்சாரம் சென்றிருக்கிறது. புதிய பட்டி போட்டு, இரு பக்கமும் தேய்த்து இறுக்கியபின் பாடிக்கும் பிளாக்குக்கும் இடையே 0.08 வோல்ட்தான் வருகிறது. காலையில் என்ஜின் முன்பைவிட நன்றாகவே வேகமாகச் சுற்றுகிறது.

ஆனால் ஐயா சொன்னதுபோலவே, நேற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபின் மறுபடியும் ‘டிக்’.

மிசிசாகா ரவி

மன்னிக்க வேண்டும், இப்போதும் நான் வெப்பத்தைத்தான் சொல்வேன். காலையில் எல்லாம் சரியாக இருந்து சூடானபின் மட்டும் மறுக்கிறது என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

கோவை நித்யா

ரவி அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான். செம்பின் தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. காலையில் 15 பாகையில் இருந்த சொலினாய்டுச் சுருள், ஓடி நின்றபின் என்ஜினின் வெப்பத்தில் 75 பாகைக்கு ஏறினால் அதன் தடை கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடிவிடும். அதனால் மின்னோட்டம் குறைந்து இழுவிசையும் குறையும். முழு மின்னழுத்தம் கிடைக்கும் சொலினாய்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோடையில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் இது நடக்கிறது. மின்னழுத்தம் ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் சொலினாய்டுதான் இதில் தோற்கும். ஆகவே கட்டுப்பாட்டுச் சுற்றை அளந்தாக வேண்டும். இதுவரை நாம் தடித்த கம்பிகளை மட்டும்தான் பார்த்தோம்.

சொலினாய்டின் உள்ளே இரண்டு சுருள்கள் உள்ளன. இழுக்கும் சுருள் கால் ஓம் அளவே தடை கொண்டது. அது சிறிய முனையிலிருந்து மோட்டாரின் வழியே எர்த்துக்குச் செல்கிறது. பிடித்துவைக்கும் சுருளின் தடை முக்கால் ஓம் அளவு. அது நேரே உடலுக்குச் செல்கிறது. சாவியைத் திருப்பிய கணத்தில் இரண்டும் சேர்ந்து நாற்பது, ஐம்பது ஆம்பியர்கூட இழுக்கும். சுருள்கள் இழுக்கும் இரும்பு உலக்கை உள்ளே சென்று பெரிய தொடுமுனைகள் சேர்ந்தவுடன் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அதில் ஓட்டம் நின்று, பிடிக்கும் சுருள் மட்டும் வேலை செய்கிறது. அதாவது, கட்டுப்பாட்டுச் சுற்றின் மிகக் கடினமான வேளை அந்த முதல் அரை விநாடிக்கும் குறைவான நேரம்தான். உலக்கை நகராவிட்டால் அந்தக் கடினமான வேளை நீண்டுகொண்டே போகும். நமக்கு அளப்பதற்கு நேரமும் கிடைக்கும்.

எனவே வண்டி மறுக்கும் நிலையில், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, சொலினாய்டின் சிறிய முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே எத்தனை வோல்ட் வருகிறது என்று சொல்லுங்கள். 10க்கு மேல் இருந்தும் அது இழுக்கவில்லை என்றால் சொலினாய்டைக் குறை சொல்லலாம்.

பாடி எலக்ட்ரீஷியன்

அதோடு, உங்கள் வண்டியில் ஃபியூஸ் பெட்டிக்கு அருகில் ஸ்டார்ட்டர் ரிலே ஒன்று, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். சாவி சொலினாய்டை நேரடியாக இயக்குவதில்லை. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட கம்பி வழியாக ரிலேயை இயக்குகிறது, ரிலே சொலினாய்டை இயக்குகிறது. மறுக்கும் நேரத்தில் ரிலேயின் மேல் ஒரு விரலை வையுங்கள். நீங்கள் கேட்கும் ‘டிக்’ அதனுடையதா என்று தெரிந்துவிடும். சொலினாய்டு இழுக்கும்போது வரும் ஒலி ‘டிக்’ அல்ல, கனமான ‘டக்’.

பர்மிங்காம் சிவா

முடிந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். தொலைவிலிருந்து ஸ்ராட் செய்யும் அழுத்து சுவிட்ச், தடித்த வயர்களும் பல்லுப் பிடிகளும் கொண்டது, இங்கே உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். மறுக்கும் நிலையில் அதன் ஒரு பிடியைச் சொலினொயிட்டின் பெரிய போல்ற்றிலும் மற்றதைச் சிறிய முனையிலும் மாட்டி அழுத்துங்கள். உடனே சுற்றினால் சொலினொயிட்டும் மோட்டரும் குற்றமற்றவை. கோளாறு அவற்றுக்கு முன்னால் இருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரால் இரண்டு முனைகளையும் முட்டவைக்கும் பழக்கம் வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். கையில் மோதிரமோ உலோகக் கடிகாரப் பட்டியோ இருக்கக் கூடாது.

ஹாரோ கண்ணன்

இன்று மாலை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து, வாசலிலேயே நிறுத்தி, எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு முயன்றேன். வண்டி மறுத்தது. பாடி ஐயா சொன்னது சரி: ‘டிக்’ ரிலேயிலிருந்துதான் வருகிறது. விரலில் துடிப்பு தெளிவாகத் தெரிகிறது. சொலினாய்டிலிருந்து எந்த ஒலியும் இல்லை.

சாவியைத் திருப்பிப் பிடித்தபடி எடுத்த அளவுகள் இவை. பேட்டரி 12.2. ரிலேக்கு வரும் பழுப்புக் கம்பி முனையில் 11.8. ரிலேயிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் முனையில் 7.6. சொலினாய்டின் சிறிய முனையில் 7.2. ரிலேயின் சுருளுக்கு வரும் வெள்ளை-சிவப்புக் கம்பியில் 11.6. அனைத்தும் எர்த்துக்கு எதிராக அளந்தவை.

சிவா சொன்ன அழுத்து சுவிட்சை மாட்டி அழுத்தினேன். உடனே சுற்றியது. சாவியால் மறுபடி முயன்றேன், மறுத்தது. மறுபடி அழுத்து சுவிட்ச், சுற்றியது.

பாடி எலக்ட்ரீஷியன்

இனி ஊகிக்க ஒன்றும் இல்லை. ரிலேக்குள் 11.8 நுழைகிறது, 7.6 வெளியேறுகிறது. 4.2 வோல்ட்டை ரிலேயின் தொடுமுனைகளே தின்றுவிடுகின்றன. சூடான சொலினாய்டுக்கு 7.2 போதாது. காலையில் சுருள் குளிர்ந்திருக்கும்போது அதே ரிலே எப்படியோ இழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இக்னிஷன் சுவிட்சைத் தொடாதீர்கள். ரிலே இருக்கும் வண்டியில் சுவிட்சின் ஸ்டார்ட் நிலை சுமப்பது ரிலேச் சுருளின் சிறிய மின்னோட்டத்தை மட்டும்தான். அங்கே 11.6 வருகிறது என்பதால் சுவிட்சும் வெள்ளை-சிவப்புக் கம்பியும் ஒழுங்காகவே உள்ளன.

ஸ்டார்ட்டர் மாற்றியபின் சில வாரங்கள் ஏன் சரியாக இருந்தது என்பதற்கும் இதில் விடை உண்டு. மாற்றும்போது சிறிய முனையின் ஸ்பேடை (கம்பியின் நுனியிலுள்ள தட்டை இணைப்பியை) கழற்றி மாட்டியிருப்பார்கள். பெரிய போல்ட்டைத் தேய்த்து இறுக்கியிருப்பார்கள். அதில் மிச்சமான சில பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுகள் சொலினாய்டுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ரிலே மேலும் கருகியதும் அந்தச் சேமிப்பு கரைந்துவிட்டது. பழைய வண்டியில் பாகத்தை மாற்றியதால் குணமாயிற்றா, கழற்றி மாட்டியதால் குணமாயிற்றா என்று பிரித்தறிவது எளிதல்ல. அதற்காகத்தான் கழற்றும் முன் அளக்கச் சொல்கிறோம். லூகாஸ் என்றாலே கோளாறு என்று இங்கிலாந்தில் கேலி பேசுவார்கள். நான் பார்த்தவரையில் பழுதானவற்றில் பெரும்பகுதி துருப்பிடித்த முனையும் பிற்காலத்தில் யாரோ போட்ட மலிவுப் பொருளும்தான்.

அந்த ரிலேயைக் கழற்றி ஒரு படம் போடுங்கள். அது பழைய லூகாஸ் ரிலேயா, பிறகு வந்ததா என்று பார்க்கலாம்.

ஹாரோ கண்ணன்

படம் கீழே உள்ளது. பழையது அல்ல, கனசதுர வடிவிலுள்ள இக்கால ரிலே. மேலே 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது, தயாரிப்பாளர் பெயர் இல்லை. மூடியை நெம்பித் திறந்தேன். தொடுமுனை ஒன்றில் குழி விழுந்து, சுற்றிலும் கருகியிருக்கிறது. பழுப்புக் கம்பியின் ஸ்பேடும் நிறம் மாறியிருக்கிறது. இதில் 87ஏ என்றொரு முனையும் இருக்கிறது. அதில் எதுவும் மாட்டவில்லை.

கோவை நித்யா

குழி விழுவதற்குக் காரணம் புரிகிறது. சொலினாய்டு என்பது தூண்டல் சுமை. தொடுமுனைகள் பிரியும்போதெல்லாம் சுருளில் தேங்கிய ஆற்றல் இடைவெளியில் தீப்பொறியாகப் பாய்கிறது. அதிலும் உலக்கை நகராத நிலையில், முழு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சாவியை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பத் திருப்புகிறீர்கள். மறுக்கும் வண்டியைப் பலமுறை முயன்று கிளப்பும் பழக்கமே தொடுமுனையை வேகமாக அரித்திருக்கும். 40 ஆம்பியரோ அதற்கு மேலோ தாங்கும், தயாரிப்பாளர் விவரத்தாள் வெளியிட்டிருக்கும் ரிலே ஒன்றைப் போடுங்கள்.

பர்மிங்காம் சிவா

பழைய லூகாஸ் ரிலேயின் டபிள்யூ1, டபிள்யூ2 என்பவை சுருளின் முனைகள். இக்கால ரிலேயில் அவை 85, 86. பழையதன் சி1, சி2 என்பவை தொடுமுனைகள். இங்கே 30, 87. பழுப்புக் கம்பி 30க்கும், சொலினொயிட்டுக்குப் போவது 87க்கும் வர வேண்டும்.

87ஏ முனை உள்ள ரிலேயைத் தவிர்த்துவிடுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30க்கு வரும் மின்சாரம் 87ஏ முனையில்தான் நிற்கும். உங்கள் காரில் அந்தப் பழுப்புக் கம்பிக்கு ஃபியூஸ் கிடையாது. அந்த முனை எதிலாவது முட்டினால் எரிவது கம்பிதான். நான்கு முனை ரிலேயே இந்த இடத்துக்குப் போதும்.

நிறம் மாறிய ஸ்பேடை அப்படியே மாட்ட வேண்டாம். வெப்பத்தில் அதன் பிடிமானம் தளர்ந்திருக்கும். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை கம்பியை வெட்டி, புதிய ஸ்பேடைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள்.

ஹாரோ கண்ணன்

40 ஆம்பியர், நான்கு முனை ரிலே போட்டேன். இரண்டு ஸ்பேடுகளையும் மாற்றினேன். பச்சைக் குமிழை எடுத்துவிட்டுக் கம்பியை நேரே கிளாம்பில் இணைத்துவிட்டேன். இப்போது சூடான நிலையில் அளந்தபோது ரிலேயின் தொடுமுனைகளுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே வருகிறது. சுற்றும்போது எர்த் பக்கம் முழுவதும் சேர்த்து 0.15. மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே கிடைக்கிறது. வெயிலில் ஓட்டி, நிறுத்தி, பல நேர இடைவெளிகளில் முயன்றுவிட்டேன், ஒருமுறையும் மறுக்கவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. பணிமனையில், பற்சக்கரக் குறைப்பு கொண்ட இக்கால ஸ்டார்ட்டரைப் போட்டால் மின்சாரம் குறைவாக இழுக்கும், எடையும் குறையும் என்கிறார்கள். அதற்கு மாறுவது நல்லதா?

பாடி எலக்ட்ரீஷியன்

அது நல்ல மோட்டார்தான். குறைந்த மின்னோட்டத்தில் வேகமாகச் சுற்றும். ஆனால் பட்டியும் ரிலேயும் கெட்டிருந்தபோது அதைப் போட்டிருந்தால் இரண்டு கோளாறுகளையும் அது சில காலம் மூடி மறைத்திருக்கும். இப்போது உங்களிடம் இருக்கும் 2எம்100 நன்றாகச் சுற்றுகிறது, தொடுமுனைகளில் 0.1தான் இழக்கிறது. அதை ஏன் கழற்ற வேண்டும்?

பர்மிங்காம் சிவா

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ரப்பர் பம்பர் கார்களில் காயிலுக்கு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலாஸ்ற் தடைக்கம்பி வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. ஸ்ராட்டர் சுற்றும் வேளையில் மட்டும் சொலினொயிட்டில் உள்ள இன்னொரு சிறிய முனையிலிருந்து காயிலுக்கு நேரடியாக மின்சாரம் போகும்; பற்றரி மின்னழுத்தம் இறங்கினாலும் தீப்பொறி வலுவாக இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வாங்கும் ஸ்ராட்டரில் அந்த முனை இல்லாவிட்டால், என்ஜின் வேகமாகச் சுற்றியும் குளிர்காலத்தில் பற்றிக்கொள்ளத் தயங்கும். சாவியை விடும் கணத்தில்தான் கிளம்பும். உங்கள் இப்போதைய ஸ்ராட்டரிலும் அந்தக் கம்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுப்பித்ததைப் பொருத்தும்போது சிலர் அதை மாட்டாமல் தொங்கவிட்டுவிடுவதுண்டு.

ஹாரோ கண்ணன்

பார்த்தேன், சிவா. மாட்டப்பட்டிருக்கிறது. சுற்றும்போது காயிலின் நேர்முனையில் 9.8 வோல்ட் வருகிறது. ஸ்டார்ட்டரை மாற்றவில்லை.

லெஸ்டர் மாறன்

என் வண்டியில் இரண்டு பேட்டரிகளும் சுற்றும்போது 5.1, 5.2 என்று ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன. இணைப்புக் கம்பியின் ஈயங்களுக்கிடையே 0.7 வோல்ட் வருகிறது. இடப்பக்கக் கிளாம்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.